ரேடியோ ஸ்டேஷன் கை மாறுறது வேற, பாட்டு மாறுறது வேற: அமெரிக்க ரேடியோ பத்தி ஒரு எளிய விளக்கம்

போன வருஷம் ஒரு திங்கக்கிழமை காலைல கார ஸ்டார்ட் பண்றேன், ஆறு வருஷமா வேலைக்குப் போறப்ப கேக்கற ஸ்டேஷன்ல ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடிட்டே இருக்கு. டேஷ்போர்டு ஸ்க்ரீன்ல பழைய பேருதான் வருது, ஆனா காலைல பேசற அந்த ரெண்டு பேரும் இல்ல, நியூஸ் இல்ல, டிராஃபிக் இல்ல, விளம்பரம்கூட இல்ல. நான் ஆபீஸ் போய்ச் சேர்றதுக்குள்ள வாட்ஸ்ஆப் குரூப்ல நாலு கதை வந்தாச்சு. ஸ்டேஷன மூடிட்டாங்க, கம்பெனி திவாலாயிடுச்சு, கவர்மென்ட் லைசன்ஸ பிடுங்கிடுச்சு, இனிமே நாள் பூரா பக்திப் பாட்டுதான். நாலுமே தப்பு. ஆனா தப்பா சொன்னவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, ஏன்னா இதுல அஞ்சாறு விஷயம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு, எது எதுன்னு பிரிச்சு யாரும் சொல்றதில்ல. அதத்தான் இங்க பொறுமையா பிரிச்சுப் பாக்கலாம்னு எழுதறேன். நான் சொல்றது எல்லாம் அமெரிக்காவுக்கு மட்டும்தான், வேற நாட்டுல சட்டம் வேற.

ரூட் பஸ்ஸ நெனச்சுக்கங்க

நம்ம ஊர்ல பிரைவேட் ரூட் பஸ் எப்படி ஓடுதுன்னு எல்லாருக்கும் தெரியும். இந்த ஊர்லேருந்து அந்த ஊருக்கு, இத்தன மணிக்குன்னு ஒரு ரூட் பர்மிட் இருக்கும். பர்மிட் வச்சிருக்கற முதலாளி ஒருத்தர். பஸ் நெத்தியில கலர் கலரா எழுதியிருக்கற பேரு ஒண்ணு. உள்ள ஓடற பாட்டு, அது டிரைவர் விருப்பம்.

இப்ப முதலாளி பர்மிட்ட இன்னொருத்தருக்கு விக்கணும்னா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அனுமதி வாங்காம முடியாது. ஆனா பஸ்ஸுல நேத்து வரைக்கும் பழைய பாட்டு போட்டுட்டு இன்னைலேருந்து குத்துப்பாட்டு போட்டா ஆர்.டி.ஓ. வந்து ஏன்னு கேப்பாரா? கேக்கமாட்டார். அது அவர் வேலையே இல்ல.

ரேடியோவும் அச்சு அசல் இதேதான். அலைவரிசையும் அதுக்கான லைசன்ஸும்தான் ரூட் பர்மிட். லைசன்ஸ் வச்சிருக்கற கம்பெனி முதலாளி. "மிக்ஸ்", "கிஸ்", "ஜாக்"னு நாம கூப்புடற பேரு நெத்தியில எழுதின பேரு. என்ன மாதிரி பாட்டு, என்ன மாதிரி பேச்சுங்கறதுதான் ஃபார்மட். நாலும் தனித்தனி. ஒண்ணு மாறினா மத்தது மாறணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல.

பர்மிட்டு, நம்பரு, பேரு

லைசன்ஸ் குடுக்கறது எஃப்.சி.சி., அதாவது மத்திய அரசோட தகவல் தொடர்பு ஆணையம். 1934 சட்டத்துல உருவானது. லைசன்ஸ் 8 வருஷத்துக்கு, அப்புறம் புதுப்பிக்கணும். அலைவரிசை யாருக்கும் சொந்தச் சொத்து இல்ல, பொது மக்களோடது, கம்பெனி அத உபயோகிக்க அனுமதி மட்டும் வாங்கியிருக்கு. ஆனாலும் பெரிய ஊர்ல புதுசா அலைவரிசையே காலி இல்லாததால அந்த அனுமதிக்கே பெரிய விலை. ஆளு, பாட்டு, விளம்பர வருமானம் எதையும் கணக்குல எடுக்காம வெறும் லைசன்ஸுக்கும் டவருக்கும் மட்டும் வர்ற விலைய இந்தத் தொழில்ல 'ஸ்டிக் வேல்யூ'ன்னு சொல்லுவாங்க. இந்த வார்த்தைய ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

ஒவ்வொரு லைசன்ஸுக்கும் ஒரு கால் சைன் உண்டு. வண்டி நம்பர் பிளேட் மாதிரி, மூணோ நாலோ எழுத்து. பொதுவா மிசிசிப்பி ஆத்துக்குக் கிழக்கால டபிள்யூ எழுத்துல ஆரம்பிக்கும், மேக்கால கே எழுத்துல. பழைய ஸ்டேஷன்ல விதிவிலக்கு இருக்கு, பிட்ஸ்பர்க்ல இருக்கற கே.டி.கே.ஏ. கிழக்கால இருந்தும் கே எழுத்துதான்.

இத நீங்களே காதால கேக்கலாம். ஒவ்வொரு மணி முடிஞ்சு அடுத்த மணி தொடங்கற இடத்துல, பெரும்பாலும் ரெண்டு விளம்பரத்துக்கு நடுவுல, ஒரு குரல் படபடன்னு கால் சைனையும் ஒரு ஊர் பேரையும் சொல்லிட்டு ஓடிடும். ரெண்டு செகண்ட்தான். அது அழகுக்கு சொல்றதில்ல, மணிக்கு ஒரு தடவ சொல்லியே ஆகணும்னு விதி. அந்த ஊர் பேரு சில சமயம் நாம கேள்வியே படாத சின்ன ஊரா இருக்கும், ஏன்னா லைசன்ஸ் அந்த ஊருக்குத்தான் குடுத்தது, பெரிய சிட்டிக்கு இல்ல. நெத்தியில பேர எத்தன தடவ வேணா மாத்திக்கலாம், இந்த ரெண்டு செகண்ட்ல மட்டும் நெஜ பேரு வந்தே தீரும்.

இது வரைக்கும் பாத்தது இவ்வளவுதான். லைசன்ஸ், ஓனர், கால் சைன், கூப்புடற பேரு, ஃபார்மட்னு அஞ்சு தனித்தனி விஷயம், அதுல லைசன்ஸ், ஓனர், கால் சைன் மூணும் எஃப்.சி.சி. ரெக்கார்டுல இருக்கும், பேரும் ஃபார்மட்டும் ஸ்டேஷனோட சொந்த முடிவு.

அஞ்சும் கலஞ்சு போன ஒரு நெஜ கதை

நியூயார்க்ல 1050 கிலோஹெர்ட்ஸ்ல டபிள்யூ.எச்.என்.னு ஒரு கன்ட்ரி மியூசிக் ஸ்டேஷன். அத ஏற்கனவே வாங்கி வச்சிருந்த எம்மிஸ்ங்கற கம்பெனி, 1987 ஜூலை 1-ஆம் தேதி அங்கயே நாள் பூரா ஸ்போர்ட்ஸ் பேசற டபிள்யூ.எஃப்.ஏ.என். ஆக்கினாங்க. அப்ப அலைவரிசை அதே, ஓனர் அதே, கால் சைனும் ஃபார்மட்டும் புதுசு. அடுத்த வருஷம் அதே எம்மிஸ் என்.பி.சி.யோட ரேடியோ ஸ்டேஷன்கள வாங்கறாங்க, அதுல 660-ல இருந்த டபிள்யூ.என்.பி.சி.யும் ஒண்ணு. 660-க்கு ரீச் ரொம்ப அதிகம். அதனால 1988 அக்டோபர் 7-ஆம் தேதி டபிள்யூ.என்.பி.சி.ய நிறுத்திட்டு, ஸ்போர்ட்ஸ் ஸ்டேஷன அப்படியே பெட்டி படுக்கையோட 660-க்கு தூக்கிட்டு வந்துட்டாங்க, 1050-ஐ வித்துட்டாங்க.

இப்ப சொல்லுங்க, "மூடினது" எது? டபிள்யூ.என்.பி.சி.ங்கற பேரு போச்சு, ஆனா 660 அலைவரிசை ஒரு நிமிஷம்கூட மூடல. டபிள்யூ.எஃப்.ஏ.என். எங்கயும் போகல, இடம் மட்டும் மாறுச்சு. அதனாலதான் "ஸ்டேஷன மூடிட்டாங்க"ன்னு யாராவது சொன்னா, நான் முதல்ல கேக்கற கேள்வி எந்த பாகம் போச்சுங்கறதுதான். லைசன்ஸயே திருப்பிக் குடுத்து டிரான்ஸ்மிட்டர அணைச்சாதான் உண்மையிலயே மூடினது, எஃப்எம்ல அது ரொம்ப அபூர்வம்.

ஸ்டேஷன் விக்கிறது மெதுவா நடக்கற வேலை

ரெண்டு கம்பெனியும் விலை பேசி கையெழுத்து போட்ட உடனே ஸ்டேஷன் கை மாறிடாது. 1934 சட்டத்தோட 310-ஆவது பிரிவு படி எஃப்.சி.சி. சம்மதம் இல்லாம லைசன்ஸ் இன்னொருத்தர் கைக்குப் போகக்கூடாது. அதனால விண்ணப்பம் போடுவாங்க, அது பொதுவுல வெளியிடப்படும், அதுலேருந்து 30 நாளுக்குள்ள யாரு வேணா ஆட்சேபம் சொல்லலாம், அப்புறம்தான் அனுமதி, அதுக்கும் அப்புறம்தான் பணம் கை மாறி உண்மையான ஒப்படைப்பு. எந்தச் சிக்கலும் இல்லாட்டிகூட இதுக்கு ரெண்டு மூணு மாசம் புடிக்கும்.

அனுமதி வர்றதுக்கு முன்னாடியே வாங்கறவங்களோட பாட்டு ஓட ஆரம்பிச்சுட்டா ஏதோ திருட்டுத்தனம்னு நெனைக்காதீங்க, அதுக்கும் வழி இருக்கு. எல்.எம்.ஏ.ன்னு ஒரு ஒப்பந்தம், சுருக்கமா சொன்னா நேரத்த வாடகைக்கு விடறது. லைசன்ஸும் பொறுப்பும் பழைய ஓனர் கிட்டதான், நிகழ்ச்சி மட்டும் புது ஆளோடது. பர்மிட் பழையவர் பேருல இருக்கறப்பவே பஸ்ஸ குத்தகைக்கு எடுத்து ஓட்டற மாதிரி.

அதிகமா பீதி கெளப்பற இன்னொரு விஷயம் இருக்கு. எஃப்.சி.சி. ரெக்கார்டுல "லைசன்ஸ் மாற்றம்"னு ஒரு விண்ணப்பத்த யாராவது பாத்துட்டு, ஐயோ வித்துட்டாங்கன்னு கத்துவாங்க. ஆனா அதுல நெறைய 'ப்ரோ ஃபார்மா', அதாவது பேப்பர்ல மட்டும் மாற்றம், உண்மையான முதலாளி அதே ஆளுதான். கம்பெனி தன்னோட ஒரு கிளைக் கம்பெனிலேருந்து இன்னொண்ணுக்கு மாத்தினாலும் இந்த விண்ணப்பம் வரும், திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனாலும் வரும். குமுலஸ் 2017 நவம்பர்லயும், ஐஹார்ட்மீடியா 2018 மார்ச்லயும், ஆடசி 2024 ஜனவரிலயும் அப்படி கோர்ட்டுக்குப் போனாங்க. மூணும் நாட்டுலயே பெரிய ரேடியோ கம்பெனிகள். அடுத்த நாள் காலைல அவங்க ஸ்டேஷன்ல வழக்கம் போல பாட்டு ஓடுச்சு. திவால்ங்கறது கடன்காரங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவுல நடக்கற பேச்சு, உடனே ரேடியோ நின்னு போறதில்ல.

சுருக்கமா, விக்கிறதுக்கு அனுமதி வேணும், நாளாகும், எல்லாம் பேப்பர்ல தெரியும்.

ஒருத்தர் எத்தன வச்சுக்கலாம்?

இதுக்கு ஒரு வரம்பு இருக்கறதாலதான் பாதி விற்பனையே நடக்குது. முன்னாடி ஒரு கம்பெனி நாடு பூரா சேத்தே 20 ஏஎம், 20 எஃப்எம்னுதான் வச்சுக்க முடியும். 1996-ல வந்த தொலைத்தொடர்பு சட்டம் அந்த தேசிய வரம்ப அடியோட எடுத்துடுச்சு. அதுக்கப்புறம் வாங்கினாங்க பாருங்க, கிளியர் சேனல் (பின்னாடி ஐஹார்ட்மீடியான்னு பேரு மாத்தினது) ஒரு கட்டத்துல 1200-க்கும் மேல வச்சிருந்தாங்க. ஊருக்கு ஊரு இருந்த தனி முதலாளிங்க போய், இன்னைக்கு நாம கேக்கற நெறைய குரல் வேற ஊர்ல உக்காந்து பதிவு பண்ணதா இருக்கறதுக்கு இதுதான் ஆரம்பம். எனக்கு இதுல வருத்தம் உண்டு, புயல் வர்ற ராத்திரி நம்ம ஊரு தெரு பேர தெரிஞ்ச ஒருத்தர் மைக் முன்னாடி இருக்கறது சின்ன விஷயம் இல்ல.

ஒரே ஊருக்குள்ள மட்டும் வரம்பு இன்னும் இருக்கு. 45 ஸ்டேஷனோ அதுக்கு மேலயோ இருக்கற பெரிய மார்க்கெட்ல ஒருத்தர் அதிகபட்சம் 8, அதுலயும் ஏஎம் மட்டுமோ எஃப்எம் மட்டுமோ 5-க்கு மேல கூடாது. சின்ன ஊரா ஆக ஆக இந்த எண்ணிக்கையும் கொறையும். இப்படி ஒரே ஊர்ல ஒரு கம்பெனி வச்சிருக்கற கூட்டத்துக்குப் பேரு க்ளஸ்டர். ரெண்டு பெரிய கம்பெனி சேந்தா சில ஊர்ல இந்த வரம்பு தாண்டிடும், அப்ப சிலத வித்தே ஆகணும். 2017-ல என்டர்காம் (இப்பத்த ஆடசி) சி.பி.எஸ். ரேடியோவோட சேந்தப்ப லாஸ் ஏஞ்சலஸ்ல 100.3 'தி சவுண்ட்' அப்படித்தான் கைய விட்டுப் போச்சு. அது நல்லா ஓடிட்டு இருந்த ஸ்டேஷன், கேட்டவங்க மேலயோ நடத்தினவங்க மேலயோ எந்தக் குத்தமும் இல்ல.

பாட்ட மாத்தறதுக்கு யாரையும் கேக்க வேண்டாம்

நெறைய பேருக்கு இத நம்பவே முடியல. "இத்தன பேரு கேக்கற ஸ்டேஷன எப்படி ராத்திரியோட ராத்திரியா மாத்தலாம், கவர்மென்ட் கேக்காதா?" கேக்காது. இதுக்குன்னு ஒரு கேஸே நடந்து முடிஞ்சிருக்கு.

நியூயார்க்ல 104.3-ல டபிள்யூ.என்.சி.என்.னு கிளாசிக்கல் மியூசிக் ஸ்டேஷன். 1974-ல ஓனர் அத ராக் ஸ்டேஷனா மாத்தினார். கேட்டுட்டு இருந்தவங்க சும்மா இருக்கல, சங்கமா சேந்து போராடி அடுத்த வருஷமே கிளாசிக்கல திரும்பக் கொண்டு வர வச்சாங்க. அதுக்கப்புறம் பெரிய கேள்வி ஒண்ணு கோர்ட்டுக்குப் போச்சு: ஒரு ஃபார்மட் அழியப்போகுதுன்னா எஃப்.சி.சி. தலையிடணுமா? எஃப்.சி.சி. சொன்னது, இல்ல, அத மார்க்கெட் பாத்துக்கும். 1981-ல சுப்ரீம் கோர்ட் 7-க்கு 2-ன்னு எஃப்.சி.சி. பக்கம் தீர்ப்பு குடுத்துடுச்சு. அன்னைலேருந்து இன்னை வரைக்கும் அதுதான் நிலைமை. அந்த 104.3-ம் 1993 டிசம்பர்ல மறுபடி ராக் ஸ்டேஷனா மாறிடுச்சு, அப்ப தடுக்க யாருக்கும் வழி இல்ல.

அதனால ஃபார்மட் மாற்றத்துக்கு முன்னறிவிப்பு கெடையாது, விண்ணப்பம் கெடையாது. விஷயம் வெளிய கசிஞ்சா போட்டி ஸ்டேஷன் முந்திக்கும்னு உள்ள வேலை செய்யறவங்களுக்கேகூட அன்னைக்குக் காலைலதான் சொல்லுவாங்க. நான் அன்னைக்குக் கார்ல கேட்டேனே, ஒரே பாட்டு திரும்பத் திரும்ப, அதுக்குப் பேரு 'ஸ்டன்டிங்'. பழசுக்கும் புதுசுக்கும் நடுவுல சில மணி நேரமோ சில நாளோ ஏதாவது வினோதமா போட்டு, ஊரயே என்னடா இதுன்னு பேச வைக்கிறது. நடு வெயில் காலத்துல கிறிஸ்துமஸ் பாட்டு போடறவங்ககூட உண்டு.

ஏன் மாத்தறாங்க?

விளம்பரத்துல ஓடற ஸ்டேஷனுக்கு எத்தன பேரு கேக்கறாங்கங்கறதவிட யாரு கேக்கறாங்கங்கறதுதான் முக்கியம். விளம்பரம் குடுக்கறவங்க பெரும்பாலும் தேடறது 25 வயசுலேருந்து 54 வயசு வரைக்கும் உள்ளவங்கள. பழைய பாட்டு போடற ஸ்டேஷனோட நேயருக்கு வயசாகிட்டே போகும், கூட்டம் கொறையாது, ஆனா விளம்பரம் கொறையும். நியூயார்க் டபிள்யூ.சி.பி.எஸ்.-எஃப்எம் 101.1 இப்படித்தான். 1972-லேருந்து பழைய பாட்டுக்குப் பேர் போன ஸ்டேஷன், 2005 ஜூன் 3-ஆம் தேதி திடீர்னு 'ஜாக்'ங்கற பேருல பல காலத்துப் பாட்டையும் கலந்து போடற ஸ்டேஷன் ஆச்சு. ஊரே கொதிச்சுது, ரேட்டிங் விழுந்துச்சு, 2007 ஜூலை 12-ஆம் தேதி பழைய பேருலயே திரும்ப வந்துச்சு. கவனிங்க, ரெண்டு தடவையும் ஓனர் மாறவே இல்ல.

எதிர்ப்பக்கத்துக்கு டபிள்யூ.பி.எல்.ஜே. நியூயார்க் 95.5. இங்க ஓனர் மாறினதாலதான் ஃபார்மட்டும் மாறுச்சு. 2019 பிப்ரவரில குமுலஸ் அதையும் சேத்து 6 ஸ்டேஷன எஜுகேஷனல் மீடியா ஃபவுண்டேஷனுக்கு 103.5 மில்லியன் டாலருக்கு வித்தாங்க. இது லாப நோக்கம் இல்லாத கிறிஸ்தவ அமைப்பு, விளம்பரமே கெடையாது, நேயர்கள் குடுக்கற நன்கொடைல ஓடறது, நாடு பூரா கே-லவ்ங்கற ஒரே நிகழ்ச்சிய போடறவங்க. அவங்களுக்கு டபிள்யூ.பி.எல்.ஜே.யோட பாட்டும் வேண்டாம், ஆளும் வேண்டாம். வாங்கினது ஸ்டிக் வேல்யூவ மட்டும். மே 31 சாயங்காலம் 7 மணிக்கு பழசு முடிஞ்சுது, கே-லவ் ஆரம்பிச்சுது. அதுக்குள்ள குரூப் குரூப்பா "கன்ட்ரி வரும், ஹிப்-ஹாப் வரும்"னு பேசினவங்க வாங்கறது யாருன்னு ஒரு நிமிஷம் பாத்திருந்தா அந்தக் கேள்விக்கே எடம் இருந்திருக்காது.

அப்ப யூகம் பண்றது எப்படி?

யூகம் பண்றது தப்பில்ல, எனக்கும் பிடிக்கும். எதப் பாத்து பண்றோம்ங்கறதுதான் விஷயம். முதல்ல வாங்கறவர் யாரு, அதே ஊர்ல அவர் க்ளஸ்டர்ல ஏற்கனவே என்ன இருக்கு. தன்கிட்ட நல்லா ஓடற கன்ட்ரி ஸ்டேஷன் இருக்கறப்ப இன்னொரு கன்ட்ரிய வச்சு தன் வயித்துலயே அடிச்சுக்கறவங்க கொறச்சல். அப்புறம் ஊர்ல எந்த ஃபார்மட் காலியா இருக்குன்னு பாக்கலாம்.

ஆனா இதவிட ஆயிரம் மடங்கு நல்ல துப்பு ஒண்ணு இருக்கு, அத யாரும் படிக்கறதில்ல. எஃப்.சி.சி. விண்ணப்பத்தோட விற்பனை ஒப்பந்தத்தையும் சேத்துத்தான் போடறாங்க, ஆன்லைன்ல யாரு வேணா எடுத்துப் படிக்கலாம். விலை இருக்கும். அதுல "இதெல்லாம் விற்பனைல சேராது"ன்னு ஒரு பட்டியல் வரும், அங்கதான் கண்ண வைக்கணும். ஸ்டேஷனோட பேரு, லோகோ, வெப்சைட், காலை நிகழ்ச்சி ஆளுங்களோட கான்ட்ராக்ட் எல்லாம் அந்தப் பட்டியல்ல இருந்தா, வாங்கறவர் பழசத் தொடரப்போறதில்லன்னு கிட்டத்தட்ட உறுதி. எல்லாத்தையும் சேத்தே வாங்கியிருந்தா, அப்படியே ஓட வாய்ப்பு அதிகம். கால் சைன் மாத்தக் கேட்ட விண்ணப்பமும் நல்ல துப்பு, ஆனா பழைய பேர போட்டி ஆளு எடுத்துடாம இருக்க வேற ஸ்டேஷன்ல பத்திரப்படுத்தி வைக்கறதும் உண்டு, அதனால அத மட்டும் நம்பக்கூடாது. ஒரு ஆர்ஜே வேலைய விட்டாரு, டிசம்பர்ல கிறிஸ்துமஸ் பாட்டு போட்டாங்க, இதெல்லாம் துப்பே இல்ல.

என்னோட ஸ்டேஷனுக்கு நான் இதைத்தான் பண்ணேன், அந்தத் திங்கக்கிழமை சாயங்காலமே. ஒப்பந்தம் கெடச்சுது, இருபது முப்பது பக்கம், கடைசி இணைப்புல பாத்தா பேரும் காலை நிகழ்ச்சியும் விற்பனைல சேரல, பழைய ஓனரே வச்சுக்கிட்டார். அதாவது பஸ் ரூட்ட வித்துட்டார், நெத்தி பேரையும் டிரைவரையும் கூடவே கூட்டிட்டுப் போயிட்டார். குரூப்ல இத எழுதினேன், யாரும் நம்பல. மூணு வாரம் கழிச்சு அதே பேரு, அதே ரெண்டு பேரு, அவர்கிட்ட இருந்த இன்னொரு சின்ன அலைவரிசைல வந்துட்டாங்க. பவர் கம்மி, ஹைவேல ஆத்துப் பாலம் வரைக்கும்தான் தெளிவா வருது, பாலம் தாண்டினா கரகரன்னு போயிடுது. இப்ப நான் எட்டு மணிக்கு பாலத்துக்கு இந்தப் பக்கமே இருக்கற மாதிரி அஞ்சு நிமிஷம் லேட்டா கெளம்பறேன், அந்த ரெண்டு செகண்ட்ல வர்ற புது கால் சைனையும் கேட்டுட்டு.